சல்மா: வீட்டுக்குள்ளிருந்து எழுதப்பட்ட வட்டார வரலாறு

திண்டுக்கல் நகரின் பேகம்பூர் ஒரு பெண்ணின் பெயரில் வழங்கும் பகுதி. ஐதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலம் அங்குள்ள பெரிய பள்ளிவாசலில் இருக்கிறது. அவர் பெயரே ஊர்ப்பெயராகவும் ஆயிற்று. ஐதரின் படையெடுப்பையும் மலைக்கோட்டையையும் விரிவாகப் பேசும் வரலாற்று நூல்கள் இந்த அம்மையாரின் அன்றாட வாழ்வைப் பற்றிப் பேசுவதில்லை. பெயர் மிஞ்சியிருக்கிறது, வாழ்க்கை மிஞ்சவில்லை.

திண்டுக்கல் சமவெளியின் எழுதப்பட்ட வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் அமைந்திருக்கிறது. தோல் ஷாப்புகள் எனப்படும் தோல் பதனிடும் ஆலைகள், புகையிலை, சுருட்டு, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு, சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலை, நத்தத்து மாம்பழம் என்று தொழிலும் சந்தையும் பதிவாகியுள்ளன. அந்தத் தொழிலில் வந்த பணம் வீட்டுக்குள் நுழைந்த பிறகு என்ன ஆனது? யாருடைய கையில் இருந்தது? எந்தப் பெண்ணின் சீராகப் போனது? எந்தப் பெண்ணின் வாயை அடைத்தது? இதைச் சொல்லும் ஆவணம் அரசிதழிலும் இல்லை, குடிமதிப்பிலும் இல்லை. நாவலில் இருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து நத்தம் கடந்து கொட்டாம்பட்டி வழியாகப் போனால் வரும் துவரங்குறிச்சியில் பிறந்த சல்மா அந்த நாவலை எழுதினார்.

சல்மாவைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். ஆனால் அவற்றில் பெரும்பகுதி அவருடைய வாழ்க்கைக் கதையைச் சுற்றியே நிற்கிறது. அடைபட்டிருந்த பெண் வெளியே வந்தார், எழுத்தாளரானார், அரசியலுக்குப் போனார் என்ற கதை அது. அந்தக் கதை உண்மையானது, மரியாதைக்குரியதும்கூட. ஆனால் அதன் வெளிச்சத்தில் நாவல்கள் மங்கிப்போயின. அவருடைய வாழ்வையும் எழுத்தையும் ஒருசேரப் பரிசீலித்து, நாவலாசிரியர் என்ற முறையில் அவருடைய இடம் எது என்று கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோடிகள்

தமிழில் பெண்கள் நாவல் எழுதுவது புதிதன்று. ‘ஜகன்மோகினி’ இதழை நடத்திய வை.மு. கோதைநாயகி நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிக் குவித்தார். ராஜம் கிருஷ்ணன் உப்பளத்துக்கும் மீனவர் குப்பத்துக்கும் நேரில் போய்த் தங்கி, களஆய்வை நாவலாக்கினார். ‘வேருக்கு நீர்’ நாவலுக்காக 1973இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.

முஸ்லிம் பெண்களுக்கும் இதில் ஒரு தொடக்கம் உண்டு. நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகத்தின் ‘காதலா கடமையா’ 1938இல் வெளிவந்தது. பள்ளிக்கூடத்தில் சில வகுப்புகளே படித்த அவருடைய நூலுக்கு உ.வே. சாமிநாதையர் அணிந்துரை தந்தார். ஆனால் அந்தத் தொடக்கம் ஒரு மரபாக வளரவில்லை. எண்பதுகளின் இறுதியில் தோப்பில் முஹம்மது மீரான் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ மூலம் முஸ்லிம் சமூகத்தின் உட்பூசல்களைத் தமிழ் நாவலுக்குள் கொண்டுவந்தார். அங்கும் கதை நடப்பது பள்ளிவாசல் முற்றத்திலும் முதலாளி வீட்டுத் திண்ணையிலும்தான். அடுப்படிக்குப் பின்னால் இருந்த அறை திறக்கப்படாமலே இருந்தது.

தொண்ணூறுகளை ஒட்டி வேறொரு கதவு திறந்தது. சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ 1989இலும், பாமாவின் ‘கருக்கு’ 1992இலும் வந்தன. தன் ஊரை, தன் சாதியை, தன் வீட்டை ஒரு பெண் உள்ளிருந்து எழுதலாம், அதில் அலங்காரம் தேவையில்லை என்பது நிலைபெற்றது. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் சு. தமிழ்ச்செல்வியின் ‘அளம்’, ‘கீதாரி’, ஆண்டிபட்டியில் இருந்து எழுதிய உமா மகேஸ்வரியின் ‘யாரும் யாருடனும் இல்லை’ ஆகியவை அடுத்தடுத்து வெளிவந்தன. சல்மாவின் முதல் நாவலான ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004இல் வந்தபோது அது தனியாக முளைக்கவில்லை. சிற்றூர்களில் வாழ்ந்த பெண்கள் தத்தம் வீட்டையே நாவலின் களமாக எடுத்துக்கொண்ட ஒரு காலத்தின் விளைச்சல் அது.

வாழ்க்கை

சல்மாவுக்கு வீட்டில் வழங்கிய பெயர் ராஜாத்தி. பிறப்பு 1968. ஊர் திருச்சி மாவட்டத்தின் தென்கோடியில், மதுரை நெடுஞ்சாலையில் உள்ள துவரங்குறிச்சி. ராவுத்தர் முஸ்லிம் குடும்பங்கள் மிகுந்த ஊர். பெண்பிள்ளை வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நிற்கும், அதன் பிறகு திருமணம் வரை வீட்டுக்குள்தான் என்பது அன்றைய நடைமுறை.

ராஜாத்திக்கு அது கொஞ்சம் முன்னதாகவே வந்தது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது தோழிகளோடு ஊர்க் கொட்டகைக்குப் பகல்காட்சி பார்க்கப் போனார். ஓடியது வயதுவந்தோருக்கான மலையாளப் படம் என்பது உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. செய்தி வீட்டுக்குப் போனது. அன்றோடு படிப்பு நின்றது. அதே அரங்கில் இருந்த ஊர்ப் பையன்களின் படிப்பு நிற்கவில்லை. இந்த வேறுபாட்டை அவர் பின்னாளில் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

பள்ளிக்கூடம் நின்றாலும் வாசிப்பு நிற்கவில்லை. சிறு வயதில் ஊர் நூலகத்தில் தொற்றிய பழக்கம் அது. மொழிபெயர்ப்பில் வந்த ருஷ்ய நாவல்களை அப்படித்தான் படித்தார். வீட்டுக்குள் இருந்த ஆண்டுகளில் மளிகைச் சாமான் பொட்டலத்தில் வரும் பழைய செய்தித்தாளையும் விடவில்லை. 1948இல் சென்னை மாகாணம் நிறைவேற்றிய பொது நூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவில் அவ்வகையில் முதலாவது. சிற்றூர்களில் கிளை நூலகம் வந்ததற்கு அடித்தளம் அதுவே. தமிழ் நாவலின் வரலாற்றில் அந்தச் சட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பதற்குத் துவரங்குறிச்சி நல்ல சான்று.

திருமணத்துக்குப் பிறகு எழுதுவது இன்னும் கடினமாயிற்று. எழுதியதைப் பார்த்தால் கணவர் வீட்டில் பிரச்சினை. நாட்காட்டித் தாளின் பின்புறத்திலும் கிடைத்த துண்டுக் காகிதத்திலும், இரவில், கழிப்பறையில் நின்றுகொண்டு எழுதினார். எழுதியதைத் துணிகளுக்கிடையே ஒளித்துவைப்பார். தாயார் மகளைப் பார்க்க வரும்போது அவற்றை வாங்கிக்கொண்டு போய், இதழ்களுக்குக் கிடைக்கும்படி செய்வார். மகளின் படிப்பு நின்றபோதும் திருமணம் நடந்தபோதும் ஊர் வழக்கத்தின் பக்கம் நின்ற அதே தாய்தான் இதையும் செய்தார். சல்மாவின் நாவல்களில் தாய்மார்கள் ஒரே நேரத்தில் காவலாளியாகவும் கூட்டாளியாகவும் இருப்பதற்கு வேர் இங்கே இருக்கிறது.

எழுதுபவர் யாரென்று ஊருக்குத் தெரியாமல் இருக்க ஒரு புனைபெயர் வேண்டியிருந்தது. கலீல் ஜிப்ரானின் ‘முறிந்த சிறகுகள்’ கதைநாயகியின் பெயரை எடுத்துக்கொண்டார். 2000இல் ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ தொகுப்பைக் காலச்சுவடு வெளியிட்டபோது, தமிழ்க் கவிதை வாசகர்களுக்குச் சல்மாவைத் தெரிந்திருந்தது, துவரங்குறிச்சிக்குத் தெரியவில்லை.

கவிதையில் இருந்து நாவலுக்கு

அந்தத் தொகுப்பிலுள்ள கவிதைகள் படுக்கையறையில் நடக்கும் கொடுக்கல் வாங்கலைப் பேசின. மனைவி என்ற நிலையில் ஒரு பெண் எதைக் கொடுத்து எதைப் பெறுகிறாள் என்பதைக் கண்ணீர் இல்லாமல் கணக்குப் பார்க்கும் ‘ஒப்பந்தம்’ அவற்றில் மிகவும் பேசப்பட்டது. ‘பச்சை தேவதை’ 2003இல் வந்தது. அதே காலத்தில்தான் சல்மா, குட்டி ரேவதி, மாலதி மைத்ரி, சுகிர்தராணி ஆகியோர் மீது ஆபாசம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. இதழ்களில் வசவும் வீட்டுக்கு மிரட்டலும் வந்தன. ஆண்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பெண்ணுடலை வருணித்தபோது இலக்கியமாக இருந்தது, பெண் தன் உடலைத் தானே சொன்னபோது ஒழுக்கக்கேடாயிற்று.

அந்தச் சூழலில் அவர் நாவலுக்குள் நுழைந்தார். காரணம் எழுத்திலேயே தெரிகிறது. கவிதை ஒரு பெண்ணின் ஓர் இரவைச் சொல்லப் போதுமானது. ஒரு தெருவிலுள்ள அத்தனை வீடுகளிலும் அதே இரவு எப்படி வெவ்வேறு விதமாகக் கழிகிறது என்று சொல்ல அது போதாது.

‘இரண்டாம் ஜாமங்களின் கதை’

ஐந்நூறு பக்க அளவுள்ள இந்த நாவலுக்குத் தனி நாயகி கிடையாது. வயதுக்கு வரப்போகும் சிறுமி ரபியாவின் கண்ணில் தொடங்கி, அவளைச் சுற்றியுள்ள தாய், பெரியம்மா, அக்காமார், பக்கத்து வீட்டுப் பெண்கள் என்று விரிகிறது. ரபியா தோழிகளோடு வீட்டுக்குத் தெரியாமல் சினிமாவுக்குப் போய் அடிவாங்குகிறாள். வஹிதா பெரியவர்கள் பேசி முடித்த உறவுக்குள் கல்யாணமாகிப் போகிறாள். பிர்தவ்ஸ் முதலிரவிலேயே இந்த ஆளோடு வாழமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தாய்வீடு திரும்புகிறாள், பின்னர் எதிர்வீட்டு இந்து ஆணோடு உறவு கொள்கிறாள். கடைசியில் பெற்ற தாயே அவளுக்கு நஞ்சைக் கொடுக்கும் நிலை வருகிறது. ஏழை நூரம்மாவின் மகள் வேற்று மதத்தவனோடு போனதற்கு ஜமாஅத்தின் தண்டனை நூரம்மாவின் மீது விழுகிறது.

இந்தக் கதைகளைத் தனித்தனியே சொன்னால் கொடுமைகளின் பட்டியலாகத் தோன்றும். நாவலைப் படிக்கும்போது அப்படித் தோன்றுவதில்லை. காரணம், ஆண்கள் கடைக்கும் வெளியூர்த் தொழிலுக்கும் போன பிறகு அந்த வீடுகளில் நடக்கும் பேச்சு. நோன்புக்கால இரவுகள், கல்யாணப் பலகாரம் சுடும் நேரம், மொட்டைமாடி, கிணற்றடி என்று எங்கும் பெண்கள் பேசுகிறார்கள். சிரிக்கிறார்கள், பச்சையாகக் கேலி செய்கிறார்கள், அடுத்தவள் வீட்டு ரகசியத்தை அலசுகிறார்கள், அதே வாயால் ஒருத்திக்குத் தீர்ப்பும் எழுதுகிறார்கள். ஒடுக்குமுறை வெளியிலிருந்து வரும் ஆணின் கையில் மட்டும் இல்லை, இந்த அன்பான பேச்சுக்குள்ளேயே அது ஓடுகிறது என்பதைச் சல்மா காட்டுகிறார். பிர்தவ்ஸுக்கு நஞ்சு கொடுக்கும் தாயை அரக்கியாக அவர் ஆக்கவில்லை. மகளை நேசிக்கும் ஒருத்திக்கு ஊர் வேறு வழி வைக்கவில்லை என்ற இடத்துக்கு வாசகரைக் கொண்டு நிறுத்துகிறார். என் கணிப்பில் தமிழ் நாவலின் கடுமையான பக்கங்களில் அவையும் சேரும்.

இந்த நாவல் இன்னொன்றையும் செய்கிறது. இந்தச் சமவெளியின் வணிகக் குடும்பங்களில் சொத்து எப்படிப் பிரியாமல் காக்கப்படுகிறது என்பதற்கு அதில் முழு விளக்கம் இருக்கிறது. உறவுக்குள் பெண் எடுப்பதும் கொடுப்பதும் பாசத்தினால் மட்டுமன்று. கடையும் தோப்பும் நகையும் வெளியே போகக் கூடாது என்பதற்காக. வஹிதாவின் திருமணம் ஒரு வணிக முடிவு. வட்டார வரலாறு எழுதுபவர் தோல் ஷாப்பின் கணக்குப் புத்தகத்தைத் தேடுவது போல இந்த நாவலையும் தேடிப் படிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

குறைகளும் உண்டு. பாத்திரங்கள் மிகுதியாக இருப்பதால் முதல் நூறு பக்கங்களில் உறவுமுறை பிடிபடுவதில்லை. ஆண்கள் பெரும்பாலும் ஒரே சாயலில் வருகிறார்கள். அந்த வீட்டோடு பிணைந்த இந்து உழைப்பாளிப் பெண் மாரியாயியின் துயரம் தொடப்படுகிறதே தவிர, அவளுடைய சாதி நிலை முழுமையாக விசாரிக்கப்படவில்லை. இவை நாவலின் வலிமையைக் குலைக்கவில்லை. ஆனால் போற்றுவதற்கு மட்டும் அந்த நாவலை எடுப்பவர்கள் இவற்றையும் பேசுவது அதற்குச் செய்யும் மரியாதை.

‘மனாமியங்கள்’: காலம் மாறிய பிறகு

2012இல் ‘சாபம்’ சிறுகதைத் தொகுப்பும் 2016இல் ‘மனாமியங்கள்’ நாவலும் வந்தன. இரண்டு நாவல்களுக்கும் இடையே ஊரே மாறியிருக்கிறது. முதல் நாவலில் மதம் என்பது ஊர்வழக்கத்தோடு கலந்த ஒன்று. தர்காவும் கந்தூரியும் பேய்க்கதையும் அதில் உண்டு. இரண்டாம் நாவலில் வீட்டு ஆண் ஹசன் ‘தூய’ மார்க்கத்தைப் பற்றிக்கொள்கிறான், தொலைக்காட்சிக்குத் தடை போடுகிறான், பெண்களின் உடையையும் நடையையும் திருத்துகிறான், பிறகு இரண்டாவது திருமணமும் செய்துகொள்கிறான். அவன் மனைவி மெஹர் அழுது அடங்குபவள் அல்லள். மணவிலக்கு பெறுகிறாள், அதற்கு விலையாகப் பிள்ளைகளைப் பிரிகிறாள். ஹசனின் தங்கை பர்வீனும் வாழாமல் திரும்பி வந்தவள். அடுத்த தலைமுறைச் சிறுமி சாஜிதா டாக்டராக வேண்டும் என்று கனவு காண்கிறாள்.

முதல் நாவலின் பெண்களுக்கு வீட்டை விட்டு வெளியே போகும் எண்ணமே குற்றம். இரண்டாம் நாவலின் பெண்களுக்குச் சட்டம் தெரியும், படிப்பின் மதிப்பு தெரியும், சம்பாதிக்கும் ஆசை இருக்கிறது. வழி மட்டும் இல்லை. முதல் நாவலின் அடர்த்தி இதில் இல்லை என்பது உண்மை. ஆனால் பழைய ஆணாதிக்கத்தின் இடத்தில் புதிய இறுக்கம் வந்து அமர்ந்ததை இவ்வளவு நெருக்கத்தில் பதிவு செய்ததே அதன் பங்களிப்பு. பின்னர் ‘அடைக்கும் தாழ்’ என்ற நாவலும் வந்தது.

பொதுவாழ்வு

1992இல் நிறைவேறிய 73, 74ஆம் அரசியல் சட்டத் திருத்தங்கள் உள்ளாட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடத்தை ஒதுக்கின. துவரங்குறிச்சி அடங்கிய பொன்னம்பட்டிப் பேரூராட்சியின் தலைவர் பதவி 2001இல் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. நிற்க நினைத்த கணவரால் நிற்க முடியாமல் போகவே, ராஜாத்தி வேட்பாளரானார், வென்றார். முகம் காட்டக் கூடாது என்று வைக்கப்பட்டிருந்தவரின் முகம் சுவரொட்டியில் வந்தது. சல்மா யார் என்பதும் வெளியே வந்தது.

2006 சட்டமன்றத் தேர்தலில் மருங்காபுரித் தொகுதியில் திமுக வேட்பாளராக நின்று தோற்றார். அதன் பின் சமூக நல வாரியத்தின் தலைவராக இருந்தார். 2025 ஜூலையில் மாநிலங்களவை உறுப்பினராகப் பதவியேற்றார். கட்சி அரசியல் எழுத்தாளரின் கூர்மையை மழுக்கும் என்ற கவலை நியாயமானது. ஆனால் ‘மனாமியங்கள்’ அவர் அரசியலுக்குப் போய்ப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு வந்த நாவல். தன் சமூகத்தின் வாக்கையும் நம்பியிருக்கும் கட்சியில் இருந்துகொண்டே, அந்தச் சமூகத்தின் ஆண்களை அவ்வளவு வெளிப்படையாக விமர்சித்து எழுதியிருக்கிறார்.

வெளியுலக வாசிப்பும் அதன் சிக்கலும்

லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பில் முதல் நாவல் 2009இல் சுபான் வெளியீடாக வந்தது. ‘மனாமியங்கள்’ நாவலை மீனா கந்தசாமியும், சிறுகதைகளை ந. கல்யாணராமனும் மொழிபெயர்த்தார்கள். பிரிட்டிஷ் இயக்குநர் கிம் லாங்கினாட்டோவின் ‘சல்மா’ ஆவணப்படம் 2013இல் சன்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்டது.

இந்தக் கவனம் தேவையானது. ஆனால் அதோடு ஓர் ஆபத்தும் வந்தது. அடைபட்ட முஸ்லிம் பெண் விடுதலை பெற்ற கதை என்ற அளவில் அவரைச் சுருக்குவது வெளியுலகுக்கு எளிது, மதவெறுப்பைப் பரப்புவோருக்கு இன்னும் எளிது. மறுபுறம், ஊர் மானத்தை வெளியே விற்றுவிட்டார் என்று சமூகத்துக்குள் சிலர் சொல்வதற்கும் அதுவே வசதியாயிற்று. இரண்டு தரப்பும் நாவலைப் படிக்காமலே பேச முடிகிறது என்பதுதான் வருத்தம். படித்தவர்க்கு ஒன்று தெரியும்: வயதுக்கு வந்த மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்துவது, சொத்துக்காக உறவில் கட்டிக்கொடுப்பது, தாலி அறுந்தவளையும் வாழாவெட்டியையும் மூலையில் உட்காரவைப்பது எல்லாம் இந்தச் சமவெளியின் எல்லாச் சாதிகளிலும் வேறுவேறு பெயரில் நடந்தவை. சல்மா தனக்குத் தெரிந்த வீட்டை எழுதினார். பக்கத்து வீட்டுக்காரர்களும் அதில் தம் முகத்தைப் பார்க்கலாம்.

வீட்டை உள்ளிருந்து எழுதும் பெண்ணின் போராட்டம் தமிழுக்கு மட்டும் உரியதுமன்று. உருதுவில் இஸ்மத் சுக்தாய் ‘லிஹாஃப்’ கதைக்காக நாற்பதுகளில் லாகூர் நீதிமன்றம் ஏறினார். கிழக்கிலங்கையின் ஸர்மிளா ஸெய்யித் தம் கருத்துகளுக்காகக் கடும் மிரட்டலைச் சந்தித்தார், ‘உம்மத்’ நாவலை எழுதினார். ஹாசனில் வழக்கறிஞராக இருந்துகொண்டு கன்னடத்தில் எழுதிவந்த பானு முஷ்தாக் ஊர்விலக்கத்தைத் தாங்கினார், 2025இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்றார். வீட்டுப் பெண்களின் கதையைச் சிறிய கதை என்று ஒதுக்கியவர்களுக்கு அந்தப் பரிசு ஒரு பதில்.

மதிப்பீடு

சல்மாவின் வாழ்வைத் தனிமனித வீரமாக மட்டும் பார்த்தால், அவரைப் போன்ற இன்னொருவர் வரும்வரை காத்திருப்பதைத் தவிர நமக்கு வேலை இருக்காது. அவருடைய எழுத்து உருவாகச் சில ஏற்பாடுகள் தேவைப்பட்டன. நடந்து போகும் தூரத்தில் ஒரு நூலகம் இருந்தது. எழுதியதைச் சுமந்து போக ஒரு தாய் இருந்தார். தெரியாத பெயரில் வந்த கவிதையைத் தகுதி பார்த்து அச்சிட்ட சிறுபத்திரிகைகள் இருந்தன. வெளியே வர ஓர் இடஒதுக்கீடு இருந்தது. இவற்றில் ஏதாவது ஒன்று இல்லாமல் போயிருந்தால் ராஜாத்தி இருந்திருப்பார், சல்மா இருந்திருக்க மாட்டார்.

இன்று திண்டுக்கல்லிலும் நத்தத்திலும் துவரங்குறிச்சியிலும் பெண்பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். எம்.வி. முத்தையா அரசு மகளிர் கலைக் கல்லூரியில் பட்டம் பெறுபவர்களில் பலர் தம் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். அவர்களில் எத்தனை பேர் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யைக் கையில் எடுத்திருப்பார்கள்? சன்டான்ஸில் அறியப்பட்ட பெயர், பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குள் எட்டிவிடும் கல்லூரி வகுப்பறையில் தேர்வுக்கான ஒரு வரிக் குறிப்பாக நின்றுவிடக் கூடாது. வட்டார வரலாற்றுப் பாடத்தில் கோட்டையோடும் தோல் ஷாப்போடும் இந்த நாவல்களும் சேர வேண்டும். கிளை நூலகங்கள் பெண்கள் தயக்கமின்றி வந்து உட்காரும்படி இருக்க வேண்டும். நாவலை வெறும் புகார்ப்பட்டியலாக வாசிக்காமல், சொத்து, மதம், மொழி, உடல் என்று பிரித்து ஆராயும் ஆய்வேடுகள் வர வேண்டும்.

சல்மா தன் தெருவை எழுதிவிட்டார். ஆனால் இந்தச் சமவெளியில் பஞ்சாலைப் பெண்ணின் விடுதி அறை இருக்கிறது, நத்தத்தில் சட்டை தைக்கும் பெண்ணின் வீடு இருக்கிறது, நிலக்கோட்டையில் விடியுமுன் பூப்பறிக்கும் பெண்ணின் நாள் இருக்கிறது. அந்த நாவல்கள் இன்னும் எழுதப்பட வேண்டியவை. அவற்றை எழுதப்போகிறவருக்கு, தன் வீடே ஒரு நாவலுக்குப் போதுமான உலகம் என்ற துணிச்சலைச் சல்மா தந்திருக்கிறார். நாவலாசிரியராக அவருடைய முதன்மையான சாதனை அதுதான்.